வேறு துறை மாணவர்களுக்குக் கணக்கியலும் நிதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியலோ உயிரியலோ இலக்கியமோ படிக்க வந்து, நடுவில் ஒரு பருவத்துக்கு மட்டும் கணக்கியலும் நிதியும் கட்டாயப் பாடமாக வந்து நிற்கிறது என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். உதாரணத்தில் வரும் எண்களுக்கு எந்த நாணயத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசி இடங்களில் ஒரே அச்சகத்தின் கணக்கைத்தான் எடுத்திருக்கிறேன், அதனால் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதியபடியே படித்தால் நல்லது. வெறுமனே கண்ணால் படித்தால் இந்தப் பாடம் ஒட்டாது.

எனக்குக் கணிதம் வராது. இந்தப் பாடத்தில் தேற முடியுமா?

முடியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம், நிதிப் பகுதிக்கு வந்ததும் கொஞ்சம் அடுக்கு, அவ்வளவுதான் கணிதம். உண்மையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு தொகையை *எப்போது* கணக்கில் எடுப்பது என்பதில். பொருளை விற்ற அன்றைக்கா, பணம் வந்த அன்றைக்கா? இயந்திரம் வாங்கிய ஆண்டிலா, அது உழைக்கும் ஐந்து ஆண்டுகளிலா? கணக்கியலில் குழப்புகிற விஷயங்களில் பெரும்பாலானவை இந்த 'எப்போது' என்ற ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவங்கள். கணிதத்தில் கெட்டிக்காரர்கள் சிலர் இங்கே தடுமாறுவதையும், கணிதத்துக்குப் பயந்தவர்கள் சுலபமாகத் தாண்டிப் போவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கியலும் நிதியியலும் ஒன்றுதானே?

இல்லை, ஆனால் பக்கத்து வீடுகள். கணக்கியல் நடந்து முடிந்ததைப் பார்க்கிறது: என்ன வந்தது, என்ன போனது, இன்றைக்கு என்ன மிச்சம், யாருக்கு எவ்வளவு பாக்கி. நிதியியல் இனிமேல் வரப்போவதைப் பார்க்கிறது: இந்தத் திட்டத்தில் பணம் போடலாமா, கடன் வாங்கலாமா, மூன்று வருடம் கழித்து வரும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும். இரண்டுக்கும் நடுவே ஓடுவது காலம்தான்.

பற்று, வரவு எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. கைக்குப் பணம் வந்தால் அது வரவுதானே, ஏன் பற்று என்று எழுதச் சொல்கிறார்கள்?

தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாகவே வரும், அது உங்கள் தவறில்லை. வீட்டில் 'வரவு செலவு' என்கிறோம், அங்கே வரவு என்றால் உள்ளே வந்த பணம். பாடப்புத்தகத்தில் 'வரவு' என்பது கணக்கின் வலது பக்கம், 'பற்று' இடது பக்கம். ஒரே சொல், இரண்டு வேலை.

இதிலிருந்து வெளியே வர நான் சொல்லும் வழி, பழைய பேச்சு வழக்கில் இருக்கிறது. ஒருவர் கடனுக்குச் சரக்கு எடுத்துப் போனால் 'அவர் பேரில் பற்று எழுது' என்பார்கள். அவர் பணம் கொண்டுவந்து கட்டினால் 'அவர் கணக்கில் வரவு வை' என்பார்கள். அதாவது வாங்கிக்கொண்டவர் பேரில் பற்று, கொடுத்தவர் பேரில் வரவு. இப்போது பணப்பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பணம் போனால் பெட்டி வாங்கிக்கொண்டது, எனவே ரொக்கக் கணக்கில் பற்று. பெட்டியிலிருந்து பணம் வெளியே போனால் பெட்டி கொடுத்தது, எனவே ரொக்கக் கணக்கில் வரவு. 'பணம் வந்ததா போனதா' என்று கேட்பதை விட்டுவிட்டு 'யார் கணக்கில் எழுதுகிறேன்' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வங்கி ஏன் நேர்மாறாகச் சொல்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். நீங்கள் வங்கியில் பணம் போட்டால் அறிக்கையில் 'வரவு' என்று வரும், ஏனென்றால் அது வங்கியின் பார்வையில் எழுதப்பட்ட உங்கள் கணக்கு. நீங்கள் கொடுத்தவர், வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே பணம் உங்கள் சொந்தப் புத்தகத்தில் வங்கிக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் இருக்கும். ஒரே சம்பவம், இரண்டு புத்தகங்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சமன்பாடு இருக்கிறது: சொத்துகள் (நம்மிடம் இருப்பவை) = பொறுப்புகள் (பிறருக்குத் தர வேண்டியவை) + மூலதனம் (உரிமையாளரின் பங்கு). இடது பக்கம் இருப்பவை கூடினால் பற்று, வலது பக்கம் இருப்பவை கூடினால் வரவு. வருமானம் மூலதனத்தைக் கூட்டுகிறது, எனவே வரவு. செலவு மூலதனத்தைக் குறைக்கிறது, எனவே பற்று. மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ஒரு பத்திதான்.

ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொரு கணக்கில் வரவாகவும் எழுதும் இந்த இரட்டைப் பதிவு முறையை யார் கண்டுபிடித்தார்கள்?

லூகா பசியோலி என்று பல இடங்களில் எழுதியிருக்கும், அது முழுக்கச் சரியில்லை. அவர் பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான அவருடைய பெரிய கணித நூலின் ஒரு பகுதியில் இந்த முறையை விளக்கினார். ஆனால் இத்தாலிய வணிகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் செய்தது அதை ஒழுங்காக எழுதி அச்சில் பரப்பியது, அதுவே பெரிய காரியம்தான்.

எதற்காக மூன்று அறிக்கைகள்? ஒன்று போதாதா?

போதாது. சரி, அச்சகத்துக்கு வருவோம். உரிமையாளர் சொந்தப் பணம் 50,000 போடுகிறார், 10 சதவீத வட்டிக்கு 50,000 கடன் வாங்குகிறார். 60,000-க்கு அச்சு இயந்திரம் வாங்குகிறார், அது ஐந்து ஆண்டு உழைக்கும் என்று கணிக்கிறார். கையில் 40,000 மிச்சம். முதல் ஆண்டில் 90,000-க்கு வேலை முடித்துக் கொடுத்துவிட்டார், ஆனால் அதில் 30,000 இன்னும் வசூலாகவில்லை. காகிதம், மை, கூலி எல்லாம் சேர்த்து 60,000, அது முழுக்க ரொக்கமாகக் கொடுத்தாயிற்று. வட்டி 5,000 கட்டினார். ஆண்டுக் கடைசியில் அசலில் 20,000 திருப்பிக் கொடுத்தார்.

லாப நட்டக் கணக்கு அந்த ஆண்டு முழுக்க என்ன சம்பாதித்தார் என்று சொல்கிறது. 90,000-இல் செலவு 60,000, வட்டி 5,000, இயந்திரத் தேய்மானம் (60,000-ஐ ஐந்து ஆண்டுக்குப் பங்கிட்டதில் ஓர் ஆண்டின் பங்கு) 12,000 போக லாபம் 13,000. வசூலாகாத 30,000-உம் வருமானத்தில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார் அல்லவா.

இருப்புநிலைக் குறிப்பு ஆண்டின் கடைசி நாளில் எடுத்த ஒரு புகைப்படம். சிலர் இதை ஐந்தொகை என்பார்கள். சொத்துப் பக்கம் ரொக்கம் 15,000, வசூலாக வேண்டியது 30,000, இயந்திரம் 48,000, மொத்தம் 93,000. மறுபக்கம் கடன் 30,000, போட்ட முதல் 50,000, சேர்ந்த லாபம் 13,000, அதுவும் 93,000.

ரொக்க ஓட்ட அறிக்கை பணம் எந்த வழியில் வந்தது, எந்த வழியில் போனது என்று மூன்றாகப் பிரிக்கிறது. தொழிலை நடத்தியதில் 60,000 வந்து 65,000 போனது, ஆக 5,000 குறைவு. முதலீட்டில் இயந்திரத்துக்காக 60,000 போனது. நிதி திரட்டியதில் முதலும் கடனுமாக ஒரு லட்சம் வந்து 20,000 திரும்பிப் போனது, ஆக 80,000 கூடுதல். மூன்றையும் கூட்டினால் அதே 15,000.

இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே கையால் போட்டுப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

லாபம் 13,000 என்கிறீர்கள், ஆனால் தொழிலில் இருந்து வந்த பணம் மைனஸ் 5,000. இது ஏமாற்று இல்லையா?

இந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு விஷயம் உங்கள் தலையில் தங்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: லாபம் வேறு, ரொக்கம் வேறு. ஏமாற்று எதுவும் நடக்கவில்லை. 13,000 லாபத்தில் தொடங்குங்கள். தேய்மானம் 12,000 பணமாக வெளியே போகவில்லை, அதைத் திரும்பச் சேர்த்தால் 25,000. வாடிக்கையாளர்களிடம் நிற்கிற 30,000-ஐக் கழித்தால் மைனஸ் 5,000. இடைவெளி முழுவதும் 'எப்போது' என்பதால் வந்தது.

வளர்கிற தொழிலில் இது இன்னும் மோசமாகும், கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும். அடுத்த ஆண்டு வேலை இரட்டிப்பானால் காகிதத்துக்கும் கூலிக்கும் முதலில் பணம் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் பணம் பின்னால்தான் வரும், வசூலாகாத தொகையும் கூடவே வளரும். அப்புறம் ஒரு நாள் கூலி கொடுக்கப் பணம் இருக்காது, கணக்கில் மட்டும் லாபம் இருக்கும். நல்ல லாபம் காட்டிய தொழில்கள் மூடப்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது தொடங்கும் எண்ணம் இருந்தால், லாபக் கணக்குக்கு முன்னால் மாதாமாதம் ரொக்கம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

தேய்மானம் என்றால் புது இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கி வைப்பதா?

இல்லை. தேர்வில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. தேய்மானம் எழுதினால் எந்தப் பெட்டியிலும் பணம் சேராது. இயந்திரத்துக்குக் கொடுத்த விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுவதுதான் தேய்மானம். சந்தையில் அந்த இயந்திரம் இன்று என்ன விலைக்குப் போகும் என்பதையும் அது சொல்வதில்லை. 48,000 என்பது இன்னும் பங்கிடப்படாமல் இருக்கும் மிச்சம், அவ்வளவே.

ஒரு தொகையைச் செலவு என்று எழுதுவதா, சொத்து என்று எழுதுவதா என்பதில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

அச்சகத்தையே பாருங்கள். இயந்திரம் பத்து ஆண்டு உழைக்கும் என்று கணித்திருந்தால் தேய்மானம் 6,000, லாபம் 19,000 ஆகியிருக்கும். 60,000-ஐயும் முதல் ஆண்டுச் செலவாகவே எழுதியிருந்தால் 35,000 நட்டம். மூன்றிலும் கையிருப்பு ஒரே 15,000. ஒரு பைசா கூட நகரவில்லை, லாபம் மட்டும் மாறுகிறது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் லாபத்தைப் பார்க்கும்போது அதன் பின்னால் இருக்கும் கணிப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் வேர்ல்ட்காம் ஒரு பாடம். மற்ற நிறுவனங்களின் வலையமைப்பைப் பயன்படுத்தக் கட்டிய கட்டணம் அன்றாடச் செலவு, அந்தந்தக் காலத்திலேயே எழுதித் தீர்க்க வேண்டியது. அதை ஏதோ நீண்டகாலச் சொத்து போலப் பதிந்தார்கள், செலவு குறைந்தது, லாபம் உயர்ந்தது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள் தணிக்கைக் குழு இதைத் தோண்டி எடுத்தது. 2002 ஜூனில் 380 கோடி டாலருக்கும் மேல் தவறாகப் பதிவாகியிருப்பதாக நிறுவனமே அறிவித்தது, அடுத்த மாதம் திவால் மனு தாக்கலானது. மோசடியின் உத்தி என்று பார்த்தால் முதல் பருவ மாணவருக்கே புரிகிற அளவுக்கு எளிமையானது. அதனால்தான் அடிப்படையை நன்றாகப் படியுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதலாமா?

முடியாது, விதிகள் உண்டு. உலகின் பல நாடுகளில் சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள் பின்பற்றப்படுகின்றன, அமெரிக்காவுக்குத் தனி விதிகள். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. உதாரணமாக, கடைசியாக வாங்கிய சரக்கு முதலில் விற்றதாகக் கணக்கிடும் முறையை அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன, சர்வதேசத் தரநிலைகள் அனுமதிப்பதில்லை. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும்: 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தரநிலைக்குப் பிறகுதான் நீண்டகாலக் குத்தகைகளில் பெரும்பாலானவை இருப்புநிலைக் குறிப்புக்குள் கடனாக வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அறிக்கையையும் பிந்தையதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், குத்தகை விமானங்களை ஓட்டும் நிறுவனத்தின் கடன் திடீரென்று ஏறியது போலத் தெரியலாம். கடன் ஏறவில்லை, எழுதும் விதம் மாறியது.

சமநிலைப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது, அதனால் என்ன பயன்?

எத்தனை விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற எண்ணிக்கை அது. ஒரு பொருளின் விலை 50, ஒவ்வொன்றுக்கும் ஆகும் மாறும் செலவு 30 என்றால், ஒன்று விற்கும்போது 20 மிஞ்சுகிறது, இதைப் பங்களிப்பு என்பார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற நிலையான செலவு 24,000. அதை 20-ஆல் வகுத்தால் 1,200. நீங்கள் 1,500 விற்றால் 6,000 லாபம்.

பயன் எங்கே என்றால், 'பத்து சதவீதம்தானே, விலையைக் குறைத்துவிடலாம்' என்று யாராவது சொல்லும்போது. விலை 45 ஆனால் பங்களிப்பு 20-இலிருந்து 15 ஆகிறது, அதாவது கால்வாசி போய்விட்டது. சமநிலைப் புள்ளி 1,600-க்கு ஏறிவிடும். அதே 1,500 விற்றால் இப்போது 1,500 நட்டம். விலையில் பத்து சதவீதம் என்பது லாபத்தில் பத்து சதவீதம் அல்ல.

ஏற்கெனவே நிறையச் செலவு செய்துவிட்டோம், இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண்தானே?

செலவழித்த பணம் நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. எனவே முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இனி போக வேண்டியது எவ்வளவு, இனி வரக்கூடியது எவ்வளவு, இந்த இரண்டு மட்டும். சொல்வது சுலபம், மனம் ஒப்புவதுதான் கஷ்டம், பெரிய நிறுவனங்களுக்கும் அப்படித்தான்.

இன்றைய 100-ம் இரண்டு வருடம் கழித்து வரும் 100-ம் ஏன் ஒன்றில்லை?

இன்றைக்கு 100 கையில் இருந்தால் அதை 10 சதவீதத்துக்குப் போட்டு இரண்டு வருடத்தில் 121 ஆக்கலாம், முதல் ஆண்டு 110, இரண்டாம் ஆண்டு அந்த 110-க்கும் வட்டி. திருப்பிச் சொன்னால், இரண்டு வருடம் கழித்து வரும் 121-இன் இன்றைய மதிப்பு 100. நிதியியலின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கின் விரிவுதான்.

இப்போது ஒரு திட்டம். இன்று 1,000 போட வேண்டும், அடுத்த மூன்று ஆண்டுகளின் முடிவில் ஆண்டுக்கு 400 வரும். மேலோட்டமாகப் பார்த்தால் 1,200 வருகிறது, 200 லாபம். ஆனால் 10 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மூன்று 400-களும் ஏறத்தாழ 364, 331, 301 ஆகின்றன, கூட்டினால் சுமார் 995. போட்டது 1,000, எனவே நிகர இன்றைய மதிப்பு மைனஸ் 5, திட்டம் வேண்டாம். அதையே 8 சதவீதத்தில் செய்தால் சுமார் 1,031, பிளஸ் 31, திட்டம் வேண்டும். திட்டம் மாறவில்லை, வீதம்தான் மாறியது. வட்டி வீதம் ஏறினால் நிறுவனங்கள் புதிய முதலீடுகளை ஏன் தள்ளிப்போடுகின்றன என்று செய்திகளில் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீதத்தை யார் முடிவு செய்வது? ஆசிரியர் எப்போதும் 10 சதவீதம் என்று கொடுத்துவிடுகிறார்.

நல்ல கேள்வி. தேர்வில் கொடுத்துவிடுவார்கள், வெளியே யாரும் கொடுக்க மாட்டார்கள். அதே பணத்தை இதே அளவு ஆபத்துள்ள வேறு இடத்தில் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் வீதம். ஆபத்து கூடினால் வீதமும் கூடும். இது கணிப்பு, அளந்து எடுக்கும் எண் இல்லை. அதனால் ஒரே வீதத்தில் நிற்காமல் இரண்டு மூன்று வீதங்களில் போட்டுப் பாருங்கள். 8-க்கும் 10-க்கும் நடுவே விடை மாறுகிறது என்றால் அந்தத் திட்டம் விளிம்பில் நிற்கிறது, அதைத் தெரிந்துகொள்வதே பயன்.

பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று மனக்கணக்காகச் சொல்ல முடியுமா?

72-ஐ வட்டி வீதத்தால் வகுங்கள். 8 சதவீதம் என்றால் 9 வருடம், 6 சதவீதம் என்றால் 12. கூட்டுவட்டிக்கு மட்டும்தான், அதுவும் தோராயம்தான், ஆனால் வழக்கமான வீதங்களுக்கு மிக நெருங்கி வரும். பசியோலியின் அதே 1494 நூலில் இந்த விதியும் இருக்கிறது. கடனுக்கும் இது பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்: ஆண்டுக்கு 36 சதவீத வட்டியில் எதுவும் கட்டாமல் விட்டால் இரண்டு வருடத்துக்குள்ளேயே, வட்டி மாதாமாதம் சேர்வதானால், கடன் இரண்டு மடங்காகிவிடும்.

விகிதங்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை என்று பிடித்துக்கொண்டால் சூத்திரம் தானாக வரும். விரைவில் கட்ட வேண்டியதைக் கட்ட வசதி இருக்கிறதா, போட்ட முதலுக்கு என்ன கிடைத்தது, சொந்தப் பணத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு. தனியாக ஒரு விகிதம் எதையும் சொல்லாது. அதே நிறுவனத்தின் போன வருடத்தோடும் அதே துறையில் இருக்கும் இன்னொன்றோடும் வைத்துத்தான் பேச வேண்டும். மென்பொருள் நிறுவனத்தையும் இரும்பாலையையும் ஒப்பிட்டு எழுதிய விடைத்தாள்கள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன.

தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் சரி என்று நம்பலாமா?

நியாயமான அளவுக்கு நம்பலாம், முழு உத்தரவாதமாக எடுக்கக் கூடாது. பெரிய தவறுகள் இல்லை என்று நியாயமான உறுதியோடு சொல்வதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். ஒவ்வொரு ரசீதையும் அவர்கள் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். இந்த நிறுவனம் நல்ல முதலீடா என்றும் அவர்கள் சொல்வதில்லை. ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் நான் தலைவரின் உரையைத் தள்ளிவிட்டு முதலில் தணிக்கை அறிக்கை, அடுத்து ரொக்க ஓட்டம், அப்புறம் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகள் என்ற வரிசையில் படிப்பேன். கணிப்புகள் எல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும்.

தேர்வில் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளைப் பட்டியலிட்டு இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது) டேலி ஆகவில்லை, நேரமும் இல்லை. என்ன செய்வது?

பதற்றத்தில் மேலிருந்து மறுபடி கூட்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் வித்தியாசத்தை எழுதுங்கள். அதே தொகை கேள்வித்தாளில் எங்காவது இருந்தால் அந்தப் பதிவின் ஒரு பக்கத்தை விட்டிருப்பீர்கள். வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள், அந்தத் தொகை இருந்தால் பற்றில் வர வேண்டியதை வரவில் போட்டிருப்பீர்கள், அல்லது மாற்றி. ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,400-ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. இந்த மூன்றும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதிலும் கிடைக்கவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (தவறு தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு) தெளிவாகக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். டேலி ஆக்குவதற்காக ஒரு எண்ணை மட்டும் மாற்றி எழுதாதீர்கள், திருத்துபவருக்கு அது உடனே தெரியும்.

டேலி ஆகிவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். ஒரு பதிவை முழுக்க விட்டுவிட்டாலும், வாடகைக்குப் பதில் கூலிக் கணக்கில் எழுதிவிட்டாலும் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகத்தான் நிற்கும். நேரம் மிஞ்சினால் கேள்வித்தாளில் உள்ள ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டே வாருங்கள்.